மச்சினன் கேட்கும் ஜாமீன் கையெழுத்து: போடலாமா, வேண்டாமா?

சேலம் பக்கத்திலிருந்து ஓர் ஆசிரியர் கேட்டிருக்கிறார். அரசுப் பள்ளியில் வேலை, பிடித்தம் போகக் கையில் வருவது மாதம் 62,000 ரூபாய். அவர் மனைவியின் தம்பி டீக்கடை வைக்கப் போகிறார். ஊருக்கு ஊர் கிளை திறக்கும் ஒரு பெயரில் கடை, அந்தப் பெயருக்கே 3 லட்சம் கட்ட வேண்டுமாம். தனியார் நிதி நிறுவனம் ஒன்று 8 லட்சம் கடன் தரத் தயார். ஆனால் சம்பளக்காரர் ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும் என்கிறது. "பணமா கேக்கறோம் மாப்ள, ஒரு கையெழுத்துதானே" என்கிறார் மாமனார். மனைவி வாயைத் திறந்து எதுவும் சொல்லவில்லை. ஆனால் நான்கு நாளாகச் சமையலறையில் பாத்திரங்கள் சத்தமாகப் பேசுகின்றன. மறுத்தால் உறவு அறுந்துவிடுமா, போட்டால் என்ன ஆகும் என்று கேட்கிறார். அடுத்த வருடம் வீட்டுக் கடன் எடுக்கும் எண்ணமும் அவருக்கு இருக்கிறது.

போடாதீர்கள்.

வங்கியில் கடன் பிரிவிலும், அப்புறம் வாராக்கடன் வசூல் பிரிவிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கடன் வாங்கி ஏமாற்றியவனை விட, அவனுக்கு ஜாமீன் போட்டுவிட்டு நோட்டீசோடு வந்து நின்ற மனிதர்களைப் பார்த்துத்தான் எனக்கு அதிகம் வயிறு எரிந்திருக்கிறது. ஏனென்றால் கடன்காரன் அந்தப் பணத்தைத் தொட்டாவது பார்த்திருப்பான். இவர்கள் அதைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

"ஒரு கையெழுத்துதானே" என்கிறாரே மாமனார், அந்தக் கையெழுத்து என்ன செய்யும் என்று முதலில் பார்த்துவிடுவோம். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவு, கடன்காரருக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு என்கிறது. பாதி இல்லை, கால்வாசி இல்லை. அசல், வட்டி, அபராதம், வழக்குச் செலவு எல்லாம் சேர்த்து முழுசு. ஒப்பந்தத்திலேயே வரம்பு எழுதியிருந்தால் மட்டும்தான் குறையும். நிதி நிறுவனங்கள் அச்சடித்து வைத்திருக்கும் படிவத்தில் அப்படி ஒரு வரம்பை நீங்களே கேட்டு எழுதி வாங்கினால்தான் உண்டு.

நம் ஆட்கள் எல்லோரும் நம்புவது இதுதான்: முதலில் கடன் வாங்கியவனைக் கேட்பார்கள், அவன் கடையை, வண்டியை ஏலம் விடுவார்கள், அதிலும் தேறாவிட்டால்தான் நம்மிடம் வருவார்கள். அப்படி ஒரு வரிசை சட்டத்தில் கிடையாது. பேங்க் ஆஃப் பிஹார் எதிர் தாமோதர் பிரசாத் வழக்கில், அரை நூற்றாண்டுக்கு முன்பே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. கடன்காரரைத் துரத்தி முடித்துவிட்டுத்தான் ஜாமீன்தாரரிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் கடன் கொடுத்தவருக்கு இல்லை. நேரே உங்கள் வீட்டுக் கதவைத் தட்டலாம்.

தட்டவும் செய்வார்கள், அதற்குக் காரணம் எளிது. டீக்கடை நொடித்தால் மச்சினன் போனை அணைத்துவிட்டுத் திருப்பூரிலோ பெங்களூரிலோ வேலைக்குப் போய்விடலாம். நீங்கள் எங்கே போவீர்கள்? உங்கள் பள்ளி தெரியும், வீடு தெரியும், மாதக் கடைசியில் சம்பளம் விழும் கணக்கு தெரியும். வசூல் பிரிவில் கோப்பைப் பிரித்தவுடன் நாங்கள் முதலில் தேடியது ஜாமீன்தாரரின் சம்பளச் சான்றைத்தான். கடன்காரரின் விலாசம் இரண்டாவது.

அந்தப் படிவத்தை வாங்கி ஒரு தரமாவது படித்துப் பாருங்கள். ஏழெட்டுப் பக்கம் இருக்கும். எல்லாம் பொடி எழுத்து, கையெழுத்துப் போடும் இடத்தில் மட்டும் பென்சிலில் பெருக்கல் குறி போட்டு வைத்திருப்பார்கள். அதில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள். ஒன்று, கடன்காரருக்குத் தவணை நீட்டிப்பு கொடுத்தாலும், வட்டி விதிமுறையை மாற்றினாலும் உங்களைக் கேட்க வேண்டியதில்லை என்று ஒரு வரி. ஒப்பந்தச் சட்டம் 133ஆம் பிரிவு முதல் ஜாமீன்தாரருக்குக் கொடுக்கும் சில பாதுகாப்புகளை நீங்களாகவே விட்டுக்கொடுக்கிறீர்கள் என்பதுதான் அந்த வரிக்குப் பொருள். இரண்டு, உங்களைக் கடன்காரராகவே பாவித்து வசூலிக்கலாம் என்ற வரி. மூன்று, தகராறு வந்தால் நிறுவனம் சொல்லும் ஊரில் நடுவர் முன் விசாரணை என்ற வரி. ஆத்தூரில் வைத்த டீக்கடைக்கு நீங்கள் சென்னைக்கு லீவு போட்டுவிட்டு ஓட வேண்டிவரும். போகாவிட்டால் நீங்கள் இல்லாமலேயே தீர்ப்பாகிவிடும். நடுவர் தீர்ப்பு என்றால் ஏதோ பஞ்சாயத்து என்று நினைக்காதீர்கள். 1996ஆம் ஆண்டு நடுவர் சட்டப்படி அதை நீதிமன்றத் தீர்ப்பு மாதிரியே நிறைவேற்றலாம்.

நிறைவேற்றுவது எப்படி? சம்பளத்திலிருந்து. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு, சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக்கூடாது என்று பாதுகாப்புக் கொடுக்கிறது. அதாவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத் தொடலாம். அந்த உத்தரவு உங்கள் வீட்டுக்கு வராது. சம்பளப் பட்டியல் போடும் அலுவலருக்குப் போகும். உங்கள் தலைமை ஆசிரியர் பிரித்துப் படிப்பார், எழுத்தர் படிப்பார், சாயங்காலத்துக்குள் ஆசிரியர் அறை முழுக்கத் தெரிந்துவிடும். 1973ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், ஊழியர் கடனில் மூழ்கிக் கிடக்கும் நிலைக்குப் போகாமல் தம் காரியங்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கின்றன. நீங்கள் ஒரு ரூபாய் கடன் வாங்காமலே அதற்கு விளக்கம் எழுத வேண்டிய ஆளாகிவிடுவீர்கள்.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். கடன் கொடுப்பதையே பிழைப்பாக வைத்திருக்கும் ஒரு நிறுவனம் உங்கள் மச்சினனை உட்கார வைத்துப் பேசியிருக்கிறது. அவருடைய வங்கிக் கணக்கைப் பார்த்திருக்கிறது, பழைய கடன்களைத் தோண்டியிருக்கிறது, கடை வைக்கும் இடத்தைக்கூட ஆள் அனுப்பிப் பார்த்திருக்கும். எல்லாம் பார்த்துவிட்டு, "இவரை மட்டும் நம்பி எங்கள் பணத்தைக் கொடுக்க மாட்டோம்" என்று முடிவு செய்திருக்கிறது. அந்த முடிவுதான் ஜாமீன் கேட்கும் கடிதமாக உங்கள் கைக்கு வந்திருக்கிறது. கடனுக்கு வட்டி வாங்குகிறவர்களே எடுக்கத் துணியாத ஆபத்தை, வட்டியும் இல்லாமல், லாபத்தில் பங்கும் இல்லாமல் நீங்கள் எதற்கு எடுக்க வேண்டும்? கடை ஓகோவென்று ஓடினால் உங்களுக்குக் கிடைப்பது ஒரு ஓசி டீ. படுத்தால் 8 லட்சம்.

மாமனாரிடமும் ஒரு கேள்வி இருக்கிறது. அவர் பெயரில் வீடோ காடோ இருக்கிறதா? இருந்தால் அவர் ஏன் முதல் ஜாமீன்தாரராகக் கையெழுத்துப் போடவில்லை? "வயசாயிடுச்சு, எங்களை ஏத்துக்க மாட்டாங்க" என்பார். நிறுவனம் சம்பளக்காரரைக் கேட்டிருப்பது உண்மைதான், ஆனால் சொத்து அடமானம் வைத்தால் எந்த நிறுவனமும் வேண்டாம் என்று சொல்லாது. பெற்ற பிள்ளையின் திறமை மேல் வீட்டுப் பத்திரத்தை வைக்கத் தயங்குகிற மனிதர், மருமகனின் சம்பளத்தை வைக்கச் சொல்லலாமா? இதை அவர் முகத்துக்கு நேரே கேட்க வேண்டாம். நீங்கள் மனதில் வைத்துக்கொண்டால் போதும், குற்ற உணர்ச்சி தானாகக் குறையும்.

சரி, கடை ஓடுமா ஓடாதா? ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போடுங்கள். 8 லட்சத்துக்கு 12 சதவீத வட்டி, 5 வருடம் என்று வைத்தால் மாதத் தவணை சுமார் 17,800. தனியார் நிறுவனம் 12 சதவீதத்தில் கொடுக்குமா என்பதே சந்தேகம், ஆனாலும் நல்ல மனதோடு அப்படியே வைத்துக்கொள்வோம். வாடகை 20,000. டீ மாஸ்டருக்கு நாளைக்கு 1,000 என்றால் மாதம் 30,000. கிளாஸ் கழுவி, பார்சல் கட்ட ஒரு பையனுக்கு 20,000. கரண்டு, தண்ணீர், சில்லறைச் செலவு 5,000. எல்லாம் கூட்டினால் 92,800. பால், தூள், சர்க்கரை, கேஸ் போக ஒரு டீயில் 5 ரூபாய் நிற்கிறது என்று வைத்தால், கடையைத் திறந்து வைத்திருக்க மட்டும் நாளைக்கு 620 டீ ஓட வேண்டும், மாதத்தில் முப்பது நாளும். அதற்கு மேல் ஓடுகிற டீயில்தான் மச்சினன் வீட்டுக்கு அரிசி பருப்பு. வீட்டுச் செலவுக்கு 20,000 என்றால் 750 டீ. மழைக்காலம், பண்டிகை லீவு, மாஸ்டர் சொல்லாமல் நின்றுவிடும் நாட்கள் எதையும் இதில் சேர்க்கவில்லை. வடையும் பிஸ்கட்டும் கொஞ்சம் தாங்கும் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

இந்தக் கணக்கை மச்சினன் உங்களுக்குப் போட்டுக் காட்டினாரா? கடைக்கு என்ன நிறத்தில் பெயிண்ட், பலகையில் என்ன விளக்கு என்று மட்டும் சொல்லியிருந்தால், தொழிலைப் பற்றி இன்னும் யோசிக்கவே ஆரம்பிக்கவில்லை என்று அர்த்தம். 3 லட்சத்தைப் பெயருக்குக் கொடுப்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. டீ குடிக்க வருகிறவன் பெயர்ப்பலகையைப் பார்த்து ஒரு தரம் வருவான், நாக்கைக் கேட்டுத்தான் மறுதரம் வருவான். டீக்கடை விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து தானே பால் காய்ச்சுகிறவனுக்கான தொழில். மச்சினன் வழக்கமாக எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறார் என்று உங்கள் மனைவிக்குத் தெரியும். கேட்டுப் பாருங்கள்.

உங்கள் வீட்டுக் கடன் விஷயத்துக்கு வருகிறேன். இதை நிறைய பேர் கவனிப்பதே இல்லை. நீங்கள் போட்ட ஜாமீன் உங்கள் கடன் அறிக்கையில் ஏறும். மச்சினன் தவணை தவறினால், கடன் கட்டும் ஒழுங்கைக் காட்டும் உங்கள் சிபில் மதிப்பெண்ணும் விழும். அவர் ஒழுங்காகக் கட்டினாலும் தொல்லை உண்டு. நாளைக்கு நீங்கள் வீட்டுக் கடன் கேட்டுப் போகும்போது, இந்த 17,800 ரூபாயை உங்கள் தலையில் வரக்கூடிய தவணையாகவே சில வங்கிகள் கழிக்கும். சம்பளத்தில் பாதி, அதாவது 31,000 வரை தவணை கட்டலாம் என்று வங்கி கணக்கிட்டால், 8.5 சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு உங்களுக்கு 35 லட்சம் தாராளமாகக் கிடைக்கும். 17,800 போனால் மீதி 13,200. அதற்குக் கிடைப்பது 15 லட்சம். அந்த 15 லட்சத்தில் இன்றைக்குச் சேலத்தில் என்ன வீடு கட்டுவீர்கள்? இந்த இரண்டு தொகைகளையும் தாளில் எழுதி மனைவியிடம் காட்டுங்கள். உங்கள் வீட்டில் பேச்சு அங்கிருந்து தொடங்க வேண்டும்.

மனைவியிடம்தான் முதலில் பேச வேண்டும். மாமனாரிடம் போய் மறுத்துவிட்டு வந்து வீட்டில் சொன்னீர்கள் என்றால், நீங்கள் எவ்வளவு நியாயமாகப் பேசினாலும் தோற்றீர்கள். அவர் பேசாமல் இருப்பதைத் தம்பிக்கு ஆதரவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அப்பா ஒரு பக்கம் இழுக்கிறார், புருஷன் ஒரு பக்கம் முறைக்கிறார், இரண்டு பேருக்கும் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அம்மா வீட்டிலிருந்து தினமும் போன் அவருக்குத்தான் வருகிறது, உங்களுக்கு இல்லை. சம்பளம் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு, பிள்ளைகள் படிப்புக்கு என்ன, வீட்டுக்கு என்ன என்று ஒளிவு மறைவில்லாமல் எழுதி வைத்து, "இந்த 8 லட்சம் நம்ம தலையில விழுந்தா இதுல எதை வெட்டலாம், நீயே சொல்லு" என்று கேளுங்கள். குரலை உயர்த்தாமல் கேளுங்கள். "உங்க வீட்டு ஆளுங்க எப்பவுமே இப்படித்தான்" என்ற ஒரு வாக்கியத்தை மட்டும் விழுங்கிவிடுங்கள். அது வெளியே வந்தால் அன்றைக்குக் கணக்குப் பேச்சு முடிந்தது, கல்யாணத்தில் யாருக்கு மோதிரம் போடவில்லை என்ற பேச்சு ஆரம்பித்துவிடும்.

அப்புறம் மாமனார். ஆளுக்கு ஆள் பொய்க் காரணம் தேடுகிறார்கள். "அரசு ஊழியர் ஜாமீன் போடக்கூடாதுன்னு ஆர்டர் வந்திருக்கு" என்று ஒன்று. பக்கத்துத் தெரு கிராம நிர்வாக அலுவலர் போன மாதம் யாருக்கோ போட்டிருப்பார், உங்கள் பொய் இரண்டே நாளில் கிழிந்துவிடும். "உங்க பொண்ணுதான் வேண்டாங்கறா" என்று இன்னொன்று. இதைச் சொன்னவர் வீட்டில் நிம்மதியாகச் சாப்பிட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. "பார்க்கலாம் மாமா" என்பது எல்லாவற்றையும் விட மோசம். உங்கள் வாயில் வந்தால் அது தயக்கம், அவர் காதில் விழுந்தால் சம்மதம். மறுநாள் படிவத்தோடு வந்துவிடுவார்கள்.

போனில் பேசாதீர்கள். நேரில் போங்கள், வெறுங்கையோடு போகாதீர்கள், உட்கார்ந்து காபி குடித்துவிட்டு இப்படிச் சொல்லுங்கள்: "மாமா, தொழில் கடனுக்கு யாருக்கும் ஜாமீன் போடுறதில்லன்னு நானும் அவளும் பேசி முடிவு பண்ணிட்டோம். எங்க அண்ணன் கேட்டாலும் இதே பதில்தான். தம்பி கடை வைக்கறதுல எனக்குச் சந்தோஷம். என்னால முடிஞ்சது 50,000 ரூபாய், அதைத் தர்றேன். திருப்பித் தர வேண்டாம்." அவ்வளவுதான். காரணங்களை அடுக்காதீர்கள். நீங்கள் சொல்லும் ஒவ்வொரு காரணத்துக்கும் அவரிடம் ஒரு பதில் இருக்கும். கடைசியில் காரணம் தீர்ந்து நீங்கள் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருப்பீர்கள். அத்தை அழுதால் அழட்டும், எழுந்து ஓடாமல் பக்கத்திலேயே இருங்கள். பதிலை மட்டும் மாற்றாதீர்கள்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. அடுத்த வருடம் உங்கள் சொந்த அண்ணன் வந்து கேட்டால் அவருக்கும் இதே பதிலைச் சொல்ல வேண்டும். அவருக்குப் போட்டுவிட்டு இவருக்கு மறுத்தால் மாமியார் உடைத்தால் மண்குடம் என்ற கதையாகிவிடும். அதற்கப்புறம் அந்த வீட்டில் உங்கள் வார்த்தைக்கு மதிப்பிருக்காது. மனைவி அதைச் சாகும்வரை மறக்க மாட்டார், மறக்கவும் கூடாது.

50,000 என்று நான் சொன்னது உதாரணத்துக்குத்தான். போனால் போகட்டும் என்று விட முடிகிற தொகை எதுவோ அதுதான் உங்கள் தொகை. அது 20,000 என்றால் 20,000 கொடுங்கள். அதற்காகச் சீட்டை எடுக்காதீர்கள், நகையை அடகு வைக்காதீர்கள். முடிந்தால் பணமாகக் கொடுக்காமல் பொருளாக வாங்கிக் கொடுங்கள். ஒரு நல்ல பாய்லர், அடுப்பு, கிளாஸ், பால் பாத்திரம். கடை நாளைக்கு மூடினாலும் பாய்லருக்கு விலை உண்டு. கொடுத்த பிறகு அந்தப் பணத்தை மறந்துவிடுங்கள். தீபாவளிக்கு மச்சினன் புது வண்டியில் வந்து இறங்கினாலும் வாயைத் திறக்கக்கூடாது.

மச்சினனுக்கு உண்மையிலேயே உதவ வேண்டுமென்றால் இரண்டு சனிக்கிழமை அவருக்காகச் செலவு செய்யுங்கள். 2015இல் தொடங்கிய முத்ரா திட்டத்தில் சிசு பிரிவில் 50,000 வரை, கிஷோர் பிரிவில் 5 லட்சம் வரை, தருண் பிரிவில் 10 லட்சம் வரை சிறுதொழிலுக்குச் சொத்து அடமானம் இல்லாமல் கடன் உண்டு. அதற்குப் பின்னால் அரசின் கடன் உத்தரவாத நிதி நிற்கிறது. மேலாளர்கள் சிலர் அப்படியும் ஜாமீன் கேட்பார்கள், விதியைச் சொல்லி எழுத்தில் பதில் கேளுங்கள், குரல் மாறும். மாவட்டத் தொழில் மையத்துக்கும் அழைத்துப் போங்கள். வேலையில்லாத இளைஞர்களுக்கான தமிழக அரசின் திட்டத்தில் 25 சதவீத மானியம் இருக்கிறது. ஆனால் எங்கே போனாலும் திட்ட அறிக்கை கேட்பார்கள். அந்த 620 டீ கணக்கை மச்சினனே உட்கார்ந்து எழுத வேண்டும். எழுதும்போதே கடை 8 லட்சத்திலிருந்து 2 லட்சத்துக்கு இறங்கிவிடும். பெயர்ப்பலகை போய்விடும், பாய்லர் மிஞ்சும். அதற்கு முன்னால் மூன்று மாதம் யாராவது ஒருவர் கடையில் சம்பளத்துக்கு நிற்கச் சொல்லுங்கள். நின்றுவிட்டு வந்து, "இன்னும் கடை வைக்கத்தான் ஆசை" என்றால் ஆள் தேறுவார்.

நீங்கள் மறுத்தவுடன் கோரிக்கை வேறு உருவத்தில் வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். "ஜாமீன் வேண்டாம் மாமா, ஒரே ஒரு செக் மட்டும் குடுங்க, சும்மா கையில வெச்சுக்கறதுக்குத்தான்" என்பார்கள். வெற்றுக் காசோலையில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுப்பது ஜாமீனை விடக் கொடியது. பணமில்லாமல் அது திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு வரும். திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளில் அவர்கள் நோட்டீஸ் அனுப்புவார்கள், உங்களுக்கு 15 நாள் அவகாசம், அதற்கப்புறம் குற்ற வழக்கு. இரண்டு ஆண்டு வரை சிறை, காசோலைத் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம். ஜாமீன்தாரர் கொடுத்த காசோலைக்கும் இந்தப் பிரிவு பொருந்தும் என்று 2002இல் ஐ.சி.டி.எஸ். எதிர் பீனா ஷபீர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தொகையை நான் நிரப்பவில்லை என்ற வாதமும் லேசில் எடுபடாது. பிர் சிங் எதிர் முகேஷ் குமார் வழக்கில், 2019இல், அதையும் பார்த்துவிட்டார்கள். தொகை எழுதாத புரோநோட்டும் இதே ரகம்தான்.

சீட்டு எடுப்பதற்குக் கேட்கும் ஜாமீனையும் லேசாக நினைக்காதீர்கள். 1982ஆம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டப்படி தகராறு பதிவாளரிடம் போகும், அங்கும் உங்கள் சம்பளம்தான் கண்ணுக்குத் தெரியும். உடன் வேலை பார்ப்பவர் உங்கள் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்தில் கடன் எடுக்கக் கேட்டால் மட்டும் யோசிக்கலாம். அங்கே அவர் சம்பளத்திலிருந்தே நேராகப் பிடித்துவிடுகிறார்கள், நாளைக்கு அவரும் உங்களுக்குப் போடுவார். அதிலும் ஓய்வு பெற இரண்டு வருடமே இருக்கிறவருக்கும், ஏற்கெனவே பிடித்தம் போக அரைச் சம்பளம் வாங்குகிறவருக்கும் வேண்டாம்.

இதைப் படிக்கிறவர்களில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கும் வழி இருக்கிறது. போட்ட படிவத்தின் நகலை இந்த வாரமே நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தவணை கட்டிய விவரத்தை மாதாமாதம் கடன்காரரிடமே கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். உங்கள் கடன் அறிக்கையை, அதைத் தயாரிக்கும் ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனத்திடமிருந்தும் வருடத்துக்கு ஒரு தரம் இலவசமாக எடுக்கலாம். இந்தியாவில் அப்படி நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன, மூன்று மாதத்துக்கு ஒன்றாக எடுத்தால் வருடம் முழுக்கக் கண்காணித்த மாதிரி ஆயிற்று. நண்பரின் கடைக் கணக்கில் ஓவர்டிராப்டுக்கு, அதாவது இருப்புக்கு மேல் அவ்வப்போது எடுக்கும் பணத்துக்கெல்லாம், தொடர் ஜாமீன் போட்டிருந்தால், ஒப்பந்தச் சட்டத்தின் 130ஆம் பிரிவுப்படி இனிமேல் எடுக்கும் பணத்துக்கு நான் பொறுப்பில்லை என்று வங்கிக்கு அறிவிப்புக் கொடுக்கலாம். படிவத்தில் அதற்கு எதிராக எழுதியிருக்கிறதா என்று வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிவிட்டுக் கொடுங்கள். அதுவரை எடுத்த பணத்துக்குப் பொறுப்பு போகாது.

தவணை நின்றுவிட்டது, உங்களுக்குப் போன் வர ஆரம்பித்துவிட்டது என்றால் ஓடி ஒளியாதீர்கள். வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்னாலும் மாலை 7 மணிக்குப் பின்னாலும் அழைக்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. மீறினால் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். நிலுவை 50,000 ஆக இருக்கும்போதே உட்கார்ந்து பேசுவதும், 5 லட்சம் ஆன பிறகு பேசுவதும் ஒன்றல்ல. குறைத்துக் கட்டி முடிக்கலாம் என்று நிறுவனம் ஆசை காட்டும். அப்படி முடித்தால் கடன் அறிக்கையில் முழுதாக அடைத்ததாகப் போடாமல், பேரம் பேசி முடித்ததாகப் போடுவார்கள். வருங்காலத்தில் வீட்டுக் கடன் எடுக்கும் எண்ணம் இருந்தால் அது உங்களுக்கு ஆகாது. எந்த வழியில் முடித்தாலும் நிலுவையில்லாச் சான்றைக் கையில் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

நீங்கள் கட்டும் ஒவ்வொரு ரூபாயையும் வங்கி வழியாகவே கட்டி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். ஏனென்றால் ஜாமீன்தாரர் கடனைக் கட்டிவிட்டால் ஒப்பந்தச் சட்டத்தின் 140ஆம் பிரிவுப்படி கடன் கொடுத்தவரின் இடத்துக்கு அவர் வந்துவிடுகிறார். நிறுவனம் கடன்காரர் மேல் என்னென்ன செய்திருக்கலாமோ, அவ்வளவையும் நீங்கள் செய்யலாம். 145ஆம் பிரிவு அந்தப் பணத்தைத் திருப்பித் தரும் கடமையைக் கடன்காரர் மேல் வைக்கிறது. இன்னொரு ஜாமீன்தாரர் இருந்தால், 146ஆம் பிரிவு அவரையும் சம பங்கு கொடுக்கச் சொல்கிறது. சொந்த மச்சினன் மேல் வழக்கா என்று எல்லோரும் கேட்பார்கள். வழக்குப் போடுவதும் விடுவதும் உங்கள் இஷ்டம். ஆனால் பணம் கட்டிய தேதியிலிருந்து மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். அந்த மூன்று வருடத்தில் ஒரு தரமாவது, "இவ்வளவு தர வேண்டியிருக்கிறது" என்று தேதியோடு அவர் கையெழுத்தில் எழுதி வாங்கிவிட்டால், அந்தத் தேதியிலிருந்து மூன்று வருடம் புதிதாக ஆரம்பிக்கும். கெடு முடிவதற்குள் வாங்குவது முக்கியம்.